படிக்கிற கண்ணும் கூட வரணும்

எங்க சேரியோட நிலக் காகிதமெல்லாம் ஒரு சீட்டுக்கட்டு அளவுள்ள பெட்டிக்குள்ளே இருந்தது. 2023 மார்கழியில் அந்தப் பெட்டி சாகக் கிடந்தது. நான் அதைத் தெரிந்துகொண்டது சத்தத்தை வைத்துத்தான். கம்ப்யூட்டரைப் போட்டால் பல்லி சொல்கிற மாதிரி உள்ளேயிருந்து டக், டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடியும் டக், டக். விண்டோஸ் வந்து நிற்க முன்னெல்லாம் நாலு நிமிசம் ஆகும். அது ஏழாச்சு, பத்தாச்சு. ஒருநாள் பாதியிலேயே நின்று, கறுப்புத் திரையில் இங்கிலீசில் என்னமோ சொல்லிவிட்டு அணைஞ்சுபோச்சு.

அது என் தங்கச்சி மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, 2012-ல், அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. அவள் அதை வைத்தே பட்டப் படிப்பையும் முடித்து, மெட்ராசில் வேலைக்குப் போய், வேறொன்று வாங்கிக்கொண்டாள். "மாமா, நீ வச்சுக்கோ" என்று இதை என்னிடம் கொடுத்தாள். 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அதுக்குள்ளே நான் போட்டு வைத்திருந்தது ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கோப்பு. அ-பதிவேட்டு நகல், சிட்டா, அடங்கல், புலப்படம், கலெக்டருக்குப் போட்ட மனு, தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்ததற்குப் பிறகு வாங்கின பதில்கள், ஊர்ப் பெரியவங்க பேசின பேச்சு. எல்லாமே ஒரே சங்கதி பற்றித்தான். பஞ்சமி நிலம்.

படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர், அந்த ஜில்லாவில் பறையர் மக்கள் பட்ட பாட்டை அரசாங்கத்துக்கு அறிக்கையாக எழுதினார். அதைத் தொட்டு 1892-ல் அரசாணை வந்தது. தரிசு நிலங்களை நம்ம சனத்துக்குக் கொடுத்தார்கள். பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது, அதுக்குப் பிறகும் நம்ம சனத்துக்குள்ளேதான் கைமாறலாம் என்று நிபந்தனை. மீறி எழுதின பத்திரம் செல்லாது. பழைய பதிவேட்டில் அந்த நிலத்துக்கு நேரே டி.சி. என்று இரண்டெழுத்து போட்டிருக்கும். அந்த இரண்டெழுத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி காரணைப் போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள்.

எங்க ஊர் காரணைக்குத் தூரமில்லை. எங்க தாத்தாவுக்கும் அப்படி நிலம் இருந்தது. காகிதமும் இருந்தது. தகரப் பெட்டியில் துணிக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தாராம். ஆனால் அதைப் படிக்கிற கண் எங்க தெருவில் ஒருத்தருக்கும் இல்லை. ஒரு பஞ்ச காலத்தில் நெல்லு கடனுக்குப் போனபோது, "உன் காயிதத்தைக் கொண்டாடா, படிச்சுப் பார்த்துச் சொல்றேன்" என்று ஊர்த்தெருவில் கணக்கு எழுதுகிறவர் கேட்டிருக்கிறார். தாத்தா கொண்டுபோய்க் கொடுத்தார். நெல்லு வாங்கினதுக்கு என்று சொல்லி ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். நெல்லு வந்தது. காயிதம் வரவில்லை. கைநாட்டு வைத்தது கிரயத்துக்கு என்று எங்க நைனாவுக்குத் தெரிய இருபது வருசம் ஆச்சு. 1980-களில் நடந்த யூ.டி.ஆர். பதிவேட்டில் எங்க சர்வே நம்பருக்கு நேரே டி.சி. என்கிற எழுத்தும் இல்லை, தாத்தா பேரும் இல்லை.

இந்தக் கதையை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், ஹார்டு டிஸ்க் சத்தம் போட்டதும் நானும் தாத்தா செய்ததையேதான் செய்யப் போனேன்.

பக்கத்து டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்று இருக்கிறது. கொண்டுபோய் மேசை மேலே வைத்தேன். பையன் காதை வைத்துக் கேட்டான். "ஹார்டு டிஸ்க் போவுது சார். எஸ்.எஸ்.டி. போட்டு ஓ.எஸ்.ஸை மாத்திடலாம். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க. டேட்டா போனா நாங்க பொறுப்பில்லே" என்றான். உள்ளேயிருந்து முதலாளி வந்து, "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அங்கே எந்தப் பக்கம்?" என்றார். இந்த இரண்டாவது கேள்வி எதுக்கு என்று நமக்குத் தெரியாதா? அப்போதுதான் நிமிர்ந்து சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். நான் கொண்டுபோன பெட்டிக்குள்ளே, இன்றைக்கு அந்த நிலத்தை அனுபவிக்கிறவர்கள் பட்டியலில், அந்தப் படத்திலிருந்தவர் பேரும் இருக்கிறது. கடைப் பையன் நல்லவனாகவே இருக்கலாம். முதலாளியும் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். ஆனால் மனு கொடுத்தவங்க பேரு, சாட்சி சொன்னவங்க குரல், எல்லாம் அதில் இருக்கிறது. "அப்புறம் வரேன்"னு சொல்லி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிட்டேன். வழி பூராவும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

பொங்கலுக்குப் பாப்பா வந்தாள். முதலில் அவளுக்கே நான் சொல்வது புரியவில்லை.

"ஏன் மாமா இவ்ளோ கஷ்டப்படறே? ஃபைலை மட்டும் காப்பி பண்ணி வேற கம்ப்யூட்டர்ல போட்டா முடிஞ்சுது."

அவளிடமிருந்த புது மடிக்கணினியில் ஒரு கோப்பைப் போட்டுத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். தமிழ் ஒரு எழுத்து இல்லை. தலையில் புள்ளி வைத்த வெள்ளைக்கார எழுத்தும் குறியுமாக ஒரு பக்கம் பூரா கிடந்தது.

காரணம் பழசு. 1998-ல் ஒரு டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து நாங்கள் இதையெல்லாம் அடிக்க ஆரம்பித்தபோது கம்பெனிக்கு ஒரு தமிழ் எழுத்துரு. ஒருத்தர் அடித்ததை இன்னொருத்தர் மிஷினில் படிக்க முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகுதான் விசைப்பலகையும் எழுத்துக் குறியீடும் பொதுவாக வந்தன. யூனிகோடை அரசு ஏற்று ஆணை போட்டது 2010-ல். அதுக்குள்ளே எங்க வேலையில் முக்கால்வாசி பழைய எழுத்துருவில் முடிந்துபோச்சு. அட்டவணையெல்லாம் பேஜ்மேக்கரில் கட்டினது. அதைத் திறக்க அந்தப் பழைய பேஜ்மேக்கர் வேணும், அந்த எழுத்துரு வேணும், அது ஓடுகிற விண்டோஸ் 7 வேணும். மாற்றித் தருகிற மென்பொருள் இருக்கிறது. நானும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உட்பிரிவு நம்பரும் எழுத்தும் கலந்து வருகிற இடத்தில் அது தப்புப் பண்ணும். ஒவ்வொன்றையும் பழசோடு ஒத்துப்பார்க்கணும். நானூறுதான் முடிந்திருக்கிறது.

"அப்போ பெட்டி மட்டும் போனா பத்தாது, படிக்கிற கண்ணும் கூடவே போகணும்" என்றேன்.

பாப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "சரி மாமா. ஓ.எஸ்.ஸோட அப்படியே தூக்கிடலாம்" என்றாள்.

வாங்கி வந்த எஸ்.எஸ்.டி. 480 ஜிபி. விலை மூவாயிரத்துக்குள். பழசை விடப் பெரிசாகத்தான் இருக்கணும், முழுசாகப் பிரதி எடுக்கிறபோது சின்னதில் பெரிசு போகாது என்றாள். கையில் வைத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி லேசு. பழைய டிஸ்குக்குள்ளே ஒரு தட்டு நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகிறது. அதன்மேலே ஒரு முள் தொடாமல் மிதந்துகொண்டு படிக்கிறது. அந்த முள் தடுமாறுகிற சத்தம்தான் நான் கேட்ட டக், டக். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, முள்ளும் இல்லை. சின்னச் சின்ன அறைகளில் மின்னேற்றமாக எழுத்து தங்குகிறது. தேட வேண்டியதில்லை, அதனால்தான் வேகம்.

மடிக்கணினியைக் கவிழ்த்து, முதலில் பேட்டரியைக் கழற்றினோம். ஒரு திருகாணி மேலே, எடுத்தால் உத்தரவாதம் செல்லாது என்று சீட்டு ஒட்டியிருந்தது. பாப்பா என்னைப் பார்த்தாள். உத்தரவாதமெல்லாம் முடிந்து பத்து வருசம் ஆச்சு. தொடாதே, திறக்காதே என்கிற அறிவிப்பு நமக்குப் புதுசா? "கிழி" என்றேன். அவள் சொன்னபடி முதலில் ஒரு இரும்புச் சாமானைத் தொட்டுக்கொண்டேன். உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் பட்டால் சில்லு கெட்டுப்போகுமாம்.

டிஸ்கைப் பார்த்ததும் எனக்கு 2003-ஆம் வருசம் ஞாபகம் வந்தது. அப்போது சங்க ஆபீசில் இருந்த கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க் மாட்ட வந்தவர், முதுகிலிருந்த சின்ன ஊசியை மாற்றிப் போட்டுவிட்டு, "இது மாஸ்டர், அது ஸ்லேவ்" என்றார். ஆண்டை, அடிமை. டிஸ்கின் மேல் சீட்டிலேயே அப்படி அச்சடித்திருந்தது. அதே வருசம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகம், இந்தப் பேர் போட்ட சாமானை எங்களுக்கு விற்காதீர்கள் என்று கேட்டது என்று பிற்பாடு படித்தேன். பாப்பாவிடம் சொன்னேன். "இப்போ அது இல்லே மாமா. சாட்டான்னு வந்தப்புறம் ஒவ்வொரு டிஸ்குக்கும் தனி ஒயரு. யாரும் யாருக்கும் கீழே இல்லே" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

முதல் ராத்திரி இயங்குதளத்தைத் தொடவே இல்லை. சாகிற டிஸ்கை அதன் விண்டோசிலேயே ஓட்டினால் அது இன்னும் எழுதும், இன்னும் கெடும். அதனால் பென் டிரைவில் ஒரு லினக்சைப் போட்டு அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, முதலில் கோப்புகளை மட்டும் தனியாக வெளி டிஸ்கில் இறக்கினோம். உயிர் முதலில், வீடு அப்புறம். ஆயிரத்து நூறில் மூன்று கோப்பு வரவில்லை. இரண்டுக்குக் காகித மூலம் என்னிடம் இருந்தது. மூன்றாவது ஒரு ஆயாவின் குரல். 2009-ல் செல்போனில் பதிந்தது. நிலத்தில் ஏர் ஓட்டினதை நேரில் பார்த்தவங்களில் கடைசி ஆள். 2015-ல் செத்துப்போனாங்க. அதை எழுத்தில் எடுக்கணும் எடுக்கணும்னு ஆறு வருசம் தள்ளிப்போட்டவன் நான்தான். வேற யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் ராத்திரி முழு டிஸ்கையும் பிரதி எடுக்க உட்கார்ந்தோம். டிடிரெஸ்கியூ என்று ஒரு மென்பொருள், காசு கொடுக்க வேண்டாம், மூல நிரலோடு யாரும் எடுத்துக்கொள்ளலாம். அது கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. நல்ல இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். படிக்க முடியாததைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எஸ்.எஸ்.டி.யை ஒரு யூ.எஸ்.பி. ஒயரில் வெளியே மாட்டியிருந்தோம். பாப்பா கட்டளையை அடித்தாள். முதலில் மூலத்தின் பேர், அடுத்து நகலின் பேர். ஒன்று எஸ்.டி.ஏ., இன்னொன்று எஸ்.டி.பி. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அவள் விரல் என்டர் மேலே போச்சு.

"நில்லு. மாத்தி அடிச்சிருந்தா?"

"காலி டிஸ்க்கு மூலமாயிடும். உன்னுது மேலே வெறுமை எழுதிடும். எல்லாம் போயிடும்."

"அது கேக்காதா?"

"கேக்காது மாமா. கட்டாயம் எழுதுன்னு கட்டளையிலேயே சொல்லியாச்சு."

என்டரில் வைக்கிற விரலும் கைநாட்டுதான். எங்க தாத்தா மை தடவி அழுத்தினார், அவ்வளவுதான் வித்தியாசம். அழுத்துவதற்கு முன்னே என்ன எழுதியிருக்கு என்று படித்துச் சொல்ல அவருக்கு யாரும் இல்லை. எனக்குப் பாப்பா இருக்கிறாள். "படி" என்றேன். பட்டியலை வரவழைத்து வாய்விட்டுப் படித்தாள். ஒன்று 298.1, இன்னொன்று 447.1. 320 என்று வாங்கினது அந்தக் கணக்கில் 298 என்றுதான் காட்டும், 480 என்று வாங்கினது 447. அப்போ பழசு எது என்று தெளிவு. சீட்டில் இருந்த சீரியல் நம்பரையும் திரையில் இருந்ததோடு நான் ஒத்துப்பார்த்தேன். எனக்கு இங்கிலீசு சரளமாக வராது. நம்பர் வரும். அதுக்கப்புறம்தான் அழுத்தினாள்.

ராத்திரி முழுக்க ஓடிச்சு. பாப்பா தூங்கிட்டாள், நான் தூங்கவில்லை. அந்த மென்பொருள் கூடவே ஒரு வரைபடக் கோப்பு எழுதிக்கொண்டு போகிறது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வந்தது, எது வரவில்லை என்று அதில் இருக்கும். வந்ததுக்குக் கூட்டல் குறி, வராததுக்குக் கழித்தல் குறி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்க நிலம் போனபோது இப்படி யாராவது எழுதி வைத்திருந்தால்? எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை, எந்தத் தேதியில், யார் கையில் போச்சு என்று. இழந்ததுக்குக் கணக்கு இருந்தால் இழப்பு பாதிதான்.

விடிகாலையில் முடிந்தது. 320 ஜிபியில் 48 கிலோபைட்டு வரவில்லை. அவ்வளவுதான்.

முழு டிஸ்கையும் எடுத்ததால் கண்ணுக்குத் தெரியாததும் கூட வந்தது. டிஸ்கின் முதல் 512 பைட்டு. அதில் 64 பைட்டுதான் பாகப்பிரிவினைப் பட்டியல், எந்தப் பங்கு எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று. விண்டோஸ் 7 தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் 100 எம்பி பங்கு ஒன்று இருக்கிறது. சி, டி என்று மற்றதுக்கெல்லாம் எழுத்து உண்டு, இதுக்கு எழுத்து இல்லை, திறந்து பார்த்தால் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் விழிப்பதே அதை வைத்துத்தான். சி-யை மட்டும் பிரதி எடுத்துவிட்டு எழுந்திருக்கவில்லையே என்று தலையில் கை வைக்கிறவர்கள் நிறையப் பேராம்.

இன்னொன்றும் பாப்பா சொன்னாள். பிரதி என்றால் அடையாள நம்பர் உட்பட பிரதி. பழசையும் புதுசையும் ஒன்றாக மாட்டிக் கிளப்பக்கூடாது. எது நிஜம் என்று இயங்குதளத்துக்குக் குழப்பம் வரும். ஒரே சர்வே நம்பருக்கு இரண்டு பட்டா இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பழசைக் கழற்றி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்தேன். புதுசு பழசை விடக் கொஞ்சம் மெலிசு. நாலு திருகாணி அதே ஓட்டையில் சேர்ந்தது.

கிளப்பினோம். சத்தமே இல்லை. செத்துப்போச்சோ என்று நினைத்தேன். நாற்பது விநாடிக்குள் திரை வந்துவிட்டது. புது டிஸ்கை அடையாளம் கண்டு, ஒரு தடவை அணைத்துப் போடச் சொல்லிக் கேட்டது. போட்டோம். நான் முதலில் திறந்தது அ-பதிவேட்டு அட்டவணை. பேஜ்மேக்கர் வந்தது. எழுத்துரு வந்தது. எங்க சர்வே நம்பர், உட்பிரிவு, பழைய பதிவேட்டில் டி.சி., புதுப் பதிவேட்டில் வெற்றிடம். தமிழில், தெளிவாக.

அப்புறம் ஆயா குரல். கோப்பு திறந்தது. ஓடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் பத்து விநாடி கரகரவென்று இரைச்சல். அதுக்கப்புறம் மறுபடியும் ஆயா. அந்தப் பத்து விநாடியில் என்ன சொன்னாங்க என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து மீதியை எழுத்தில் எடுத்தேன். இரைச்சல் வந்த இடத்தில் "பத்து விநாடி போச்சு" என்று அடைப்புக்குறியில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதில் கற்றுக்கொண்டதைத் தோழர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது, இனி கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். பழைய டிஸ்க் சத்தம் போட்டு எச்சரிக்கும், இது சொல்லாமல் கொள்ளாமல் போகும். பழசில் அழித்த கோப்பைத் தோண்டி எடுக்க ஒரு வாய்ப்பு உண்டு. இதில் அழித்தால் பெரும்பாலும் அழிந்ததுதான், காலியான அறையை அதுவே சுத்தம் செய்துவிடும். மின்சாரம் காட்டாமல் வருசக்கணக்கில் பரணில் போட்டால் எழுத்து கசிந்துபோகலாம். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுபோச்சு. அதனால் இந்த மடிக்கணினியை நாங்கள் இணையத்தில் இணைப்பதே இல்லை. கோப்புகளின் பிரதி மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்றும் மூன்று ஊரில். பழைய டிஸ்கை எடைக்குப் போடவில்லை, துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தாத்தாவோட பெட்டிதான் அது.

யூனிகோடுக்கு மாற்றுகிற வேலையை எங்க தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒருத்தி படிக்க, ஒருத்தன் ஒத்துப்பார்க்க. அது முடிகிற வரைக்கும் இந்தப் பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கணும். முடிந்த பிறகு அது செத்தால் செத்துட்டுப் போவட்டும். காயிதத்தைப் படிக்கிற கண் எங்க தெருவிலேயே இருக்கும். இன்னொருத்தன் மேசை மேலே கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை.

உங்க ஊரிலும் ஏதாவது ஒரு பெட்டி இருக்கும். தகரத்திலோ, ஃப்ளாப்பியிலோ, சத்தம் போடுகிற டிஸ்கிலோ. இந்த வாரமே திறந்து பாருங்கள்.